நீலக் காரின் வெள்ளைக் கதவு

பிரேக் அக்காவின் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்பவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் அவள் காலடியில். முதல் பிரேக்கின் ரப்பர் கடையில் வாங்கியது போலவே இருக்கும். இரண்டாவதன் ரப்பர் மட்டும் தேய்ந்து வழவழத்துப்போய், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். அதை மாற்றித் தரும் மெக்கானிக்தான் அவளுக்கு இந்தப் பெயரை வைத்தவர்.

"மத்த டிரைவிங் மாஸ்டருக்கெல்லாம் வாய் வேலை செய்யும். இவங்களுக்குக் கால்தான் வேலை செய்யும்" என்பார்.

உண்மைதான். அவள் யாரையும் திட்டியதில்லை. கிளட்சுக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் குப்பைத்தொட்டியை முத்தமிட்டவரிடம்கூட, "பரவாயில்லை, தொட்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும். பின்னால எடுங்க" என்றுதான் சொன்னாள். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய் கிடக்கும். மாணவர் பெரிய தப்பாகச் செய்தால் அந்த மிட்டாய் 'கடக்' என்று உடையும். அவ்வளவுதான் கோபம்.

பயந்து நடுங்கி வருபவர்களுக்கு ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தாள். லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் கணக்காளரிடம், ஒவ்வொரு லாரிக்கும் "வாங்க சார், போங்க சார்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள். பின்பக்கமாக எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும் புதுப்பெண்ணைப் பாடச் சொன்னாள். வேலை முடிந்து அவர்கள் லைசென்ஸ் வாங்கிப் போனதும், எந்த வைத்தியத்தை யாருக்குச் சொன்னோம் என்பதைச் சுத்தமாக மறந்துவிடுவாள். இந்த மறதிதான் பிறகு அவளை மாட்டிவிட்டது.

நாள் முழுவதும் வாயைக் கட்டிப்போட்டால் அது எங்காவது அவிழ்ந்துகொள்ளத்தானே பார்க்கும்? வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவிழ்ந்துகொண்டது. வீடு ஓர் ஏற்றத்தின் உச்சியில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே கணவர் ரொட்டி சுடுவார். மேலே அவள் ஊரைச் சுடுவாள். சிக்னல் விழுந்ததும் தலைவாருகிறவர், கைகாட்டிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்புகிறவர், இரண்டு வண்டி நிற்கும் இடத்தில் ஒற்றை வண்டியைப் படுக்கவைக்கிறவர் என்று ஒவ்வொருவரையும் அவள் நடித்துக் காட்ட, கல்லூரியில் படிக்கும் மகள் புரையேறிச் சிரிப்பாள்.

"அம்மா, இதையெல்லாம் எழுதிப் போடும்மா. ஊரே சிரிக்கும்."

"ஊரே சிரிக்கும். அப்புறம் என்கிட்ட கத்துக்க யாருடி வருவா?"

"உன் பேரு எதுக்கு? ஏதாவது ஒரு பேரு போதும்."

அவர்கள் காரின் பக்கக் கண்ணாடிக்குத் தினமும் காலையில் ஒரு காக்கை வரும். கண்ணாடிக்குள் இருக்கும் இன்னொரு காக்கையோடு ஆவேசமாகச் சண்டை போட்டுவிட்டு, ஜெயித்துவிட்ட திருப்தியோடு பறந்து போகும். மகள் அதைப் படம் பிடித்தாள். 'பின்கண்ணாடி' என்று ஒரு பக்கம் தொடங்கி, காக்கையின் முகத்தையே அதற்கு முகமாக வைத்தாள்.

மூன்றாவது பதிவிலேயே பக்கம் பற்றிக்கொண்டது. ஒரு படம், நாலு வரி நக்கல், கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி: 'யார் சொல்லிக் கொடுத்தது?' அந்தக் கேள்வி ஊருக்குள் புகுந்து குடித்தனமே நடத்த ஆரம்பித்தது. முடிவெட்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்து நண்பர்கள் கேட்டார்கள். உப்பை அள்ளிப் போட்ட புருஷனைப் பார்த்து மனைவி கேட்டாள். பிரேக் அக்காவின் காரிலேயே மாணவர்கள் கேட்டார்கள். "பின்கண்ணாடி பாக்கறீங்களா அக்கா? செம ஆளு!" என்பார்கள். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கெங்கே நேரம்? முதல்ல உங்க பின்கண்ணாடியைப் பாருங்க" என்பாள். உள்ளுக்குள் மிட்டாய் தித்திக்கும்.

வெறும் நக்கல் மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. மரக்கிளைக்குள் ஒளிந்திருந்த சிக்னல் விளக்கைப் பற்றி அவள் எழுதிய மறுவாரம் கிளை வெட்டப்பட்டது. லைசென்ஸ் ஆபீஸ் வாசலில், பாதசாரிகள் கடக்கும் கோடுகளின் மேலேயே தினமும் தன் ஜீப்பை நிறுத்திவந்தார் டெஸ்ட் எடுக்கும் அதிகாரி. அந்தப் படத்தைப் போட்டபோது ஊரே கைதட்டியது. ஜீப்பும் இடம் மாறியது. வாரா வாரம் அதே அதிகாரியிடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள் அதைத் தன் பெயரில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவளுடைய மாணவர்கள் எல்லோரும் வரிசையாகப் பெயிலாகியிருப்பார்கள். அப்படித்தான் அவள் நம்பினாள். காக்கையின் முகம் அவளுக்கு ஒரு ஹெல்மெட் மாதிரி.

அவளுக்கென்று ஒரு நியாயமும் இருந்தது. யார் வண்டியைப் போட்டாலும் நம்பர் பிளேட்டின் மேல் ஒரு குட்டிக் காக்கையை ஒட்டி மறைத்துவிடுவாள். "தப்பைத்தான் பேசறோம், ஆளை இல்லை" என்று மகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

இந்த இடத்தில் கொசு வருகிறாள்.

கொசு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. எந்தக் கையில் எந்த நரம்பு ஒளிந்திருந்தாலும் விரல் நுனியால் தட்டியே கண்டுபிடித்துவிடுவாள். குத்தியதே தெரியாது. ஒரு குழந்தை அவளைப் பார்த்து "கொசு வந்துடுச்சு" என்று கத்த, அவளுக்கே அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. போனில்கூட, "நான்தான் கொசு பேசறேன், வெறும் வயித்துல இருக்கீங்களா?" என்றுதான் தொடங்குவாள்.

ஊசியைப் பிடித்தால் நடுங்காத அந்தக் கை ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் நடுங்கும். ஆனாலும் அவளுக்குக் கார் ஓட்டியே ஆக வேண்டியிருந்தது. பரிசோதனை நிலையம் ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்புகளுக்கும் சேவையைத் தொடங்கப் போகிறது. கார் ஓட்டத் தெரிந்தால் அந்தப் பகுதி முழுக்கக் கொசுவின் பொறுப்பு, பதவி உயர்வு. இல்லையென்றால் போன வருடம் சேர்ந்த ஒருவருக்குப் போய்விடும். பதினைந்து வருடமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் தொங்கியவளுக்கு அது சின்ன விஷயமில்லை.

பிரேக் அக்காவிடம் அவள் படாத பாடு பட்டுக் கற்றுக்கொண்டாள். இரண்டு முறை பெயிலாகி, மூன்றாவது முறை தேறினாள். அன்றைக்கு ஆபீஸ் வாசலிலேயே அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். "அக்கா, உங்களுக்கு எப்ப ரத்தம் எடுக்கணும்னாலும் நான்தான் எடுப்பேன்" என்று வாக்குக் கொடுத்தாள். அக்காவுக்கு இதைவிடப் பயங்கரமான பரிசை யாரும் கொடுத்ததில்லை.

அதற்கப்புறம் சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகல். அடுத்த மாணவருக்காகக் கடைத்தெரு ஏற்றத்தில் காத்திருந்த பிரேக் அக்கா எதிர்ப்பக்கம் பார்த்தாள். பார்த்ததும் மிட்டாய் தூள்தூளாகியது.

மருந்துக்கடை வாசலில் ஒரு பழைய நீலக் கார் நின்றது. அதன் இரண்டு சக்கரம் நடைபாதை மேல். சக்கர நாற்காலி ஏறுவதற்காகப் போட்ட சரிவுக்கு நேர் குறுக்கே உடம்பு. நாலு மூலையிலும் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. மழையே இல்லாத நாளில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பின் டயருக்கு அடியில் ஒரு செங்கல். உள்ளே யாருமில்லை.

அக்காவின் விரல்கள் பரபரத்தன. கார் நின்ற கோலத்தைப் பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படமெடுத்தாள். நம்பருக்கு மேல் காக்கையை ஒட்டினாள். எழுதினாள்:

'கப்பல் கரை தட்டிவிட்டது. செங்கல் வைத்தாயிற்று, விளக்குப் போட்டாயிற்று, மழை வந்தால் துடைக்க வைப்பரும் தயார். நங்கூரம் மட்டும்தான் பாக்கி. சக்கர நாற்காலிக்காரர்கள் நீந்தி வரவும். யார் சொல்லிக் கொடுத்தது?'

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க நங்கூரமாகிவிட்டது. அந்தக் காருக்குப் பாய்மரம் வரைந்து ஒருவர் போட்டார். கப்பல் ஹார்ன் சத்தத்தைச் சேர்த்து இன்னொருவர் போட்டார். சாயங்காலம் மாடியில் மகளோடு உட்கார்ந்து கமெண்டுகளைப் படித்து அக்கா வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மகள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"அம்மா. இந்தக் காருக்கு ஒரு கதவு வெள்ளை."

நீலக் காரின் பின்கதவு ஒன்று வெள்ளையாக இருந்தது. எப்போதோ இடிபட்டு, வேறொரு காரின் கதவைக் கழற்றி மாட்டியது. அப்படி ஒரு கார் அந்த ஊரில் இன்னொன்று கிடையாது. நம்பரைக் காக்கை மறைத்திருந்தது. ஆள் உயரக் கதவை யாரும் மறைக்கவில்லை.

கீழே ஏற்கெனவே கமெண்ட் விழுந்திருந்தது. 'இது ரத்தம் எடுக்கிற கொசு போன வாரம் வாங்கின வண்டி ஆச்சே!'

பிரேக் அக்காவுக்கு அந்த நிமிடத்தில்தான் செங்கல் ஞாபகத்துக்கு வந்தது. மேட்டில் நிறுத்தினால் வண்டி ஓடிவிடும் என்று பயந்து அழுத கொசுவிடம் அவளேதான் சொல்லியிருந்தாள்: "ஒண்ணு பண்ணு. ஹேண்ட்பிரேக்கை இழு, கியரைப் போடு, விளக்கைப் போடு. அப்பவும் மனசு கேக்கலைன்னா டிக்கியில ஒரு செங்கல் வச்சுக்கோ, டயருக்கு அடியில கொடு. ஓடவே ஓடாது." கொசு அத்தனையும் அட்சரம் பிசகாமல் செய்திருந்தாள்; பதற்றத்தில் கை பட்டு வைப்பரும் கூடச் சேர்ந்துகொண்டது. ஒவ்வொன்றையும் சரிபார்த்த மும்முரத்தில், எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பார்க்க மறந்துவிட்டாள்.

"யாருடி சொல்லிக் கொடுத்தது?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து.

"நீதாம்மா" என்றாள் மகள்.

பதிவை உடனே நீக்கினார்கள். நீக்கினால் போய்விடுமா? ஸ்க்ரீன்ஷாட் கை மாறி கை மாறிப் பறந்துகொண்டிருந்தது. மறுநாள் கொசுவின் பரிசோதனை நிலைய வரவேற்பு மேஜையில் யாரோ ஒரு செங்கல்லுக்கு ரிப்பன் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கையை நீட்டிக்கொண்டே, "கப்பல்ல வந்தீங்களா, பஸ்ல வந்தீங்களா?" என்று கேட்டார்கள். முதலில் கொசுவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மூன்றாம் நாள் சிரிப்பதை நிறுத்தினாள். நான்காம் நாள் காரை எடுப்பதை நிறுத்தினாள்.

பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போனது. இவளுக்கு எந்தப் பள்ளி சொல்லிக் கொடுத்தது, அந்த மாஸ்டரை முதலில் பிடியுங்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதில் ஒருவருக்கும் சொந்த முகம் இல்லை; ஒருவர் பூனை, ஒருவர் சிங்கம், ஒருவர் ரோஜாப்பூ. அந்த மிருகக்காட்சிசாலைக்கு நடுவே கொசு தன் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு எழுதியிருந்தாள்:

'வண்டி என்னுது. தப்பும் என்னுது. சக்கர நாற்காலியில வர்றவங்க மன்னிக்கணும். சொல்லிக் கொடுத்தவங்க நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாங்க, அவங்களை இழுக்காதீங்க.'

அதைப் படித்த அன்று பிரேக் அக்காவுக்கு மிட்டாய் கசந்தது.

மறுநாள் கொசுவிடமிருந்து போன் வந்தது. "அக்கா, காரை வித்துடலாம்னு இருக்கேன். யாராவது வாங்குவாங்களா, கேட்டுச் சொல்றீங்களா?"

"ஏய், என்ன பேச்சு இது? வேலை என்ன ஆகறது?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லுன்னு முதலாளி கேட்டிருக்காரு. பஸ்லயே இருந்துக்கறேன்னு சொல்லிடறேன். ஸ்டியரிங்ல கையை வச்சா ஊரே பின்னாடி நின்னு போட்டோ எடுக்கற மாதிரி இருக்கு."

அக்கா தன்னால் முடிந்த முதல் காரியத்தைச் செய்தாள். காக்கையின் முகத்தோடு ஒரு மன்னிப்பு எழுதிப் போட்டாள். 'அந்தப் பதிவு தவறு. சம்பந்தப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' கூட்டம் இன்னும் குஷியாகிவிட்டது. காக்கையை யாரோ மிரட்டிவிட்டார்கள், காக்கைக்குக் கல்லடி பட்டுவிட்டது என்று அதற்கும் படம் போட்டார்கள். கொசுவிடம் போனில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "அவங்க மன்னிப்புக் கேட்டாங்களாமே, பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் கொசு. "பேரில்லாத மன்னிப்பை நான் எங்கக்கா போய் வாங்கிக்கறது? எந்த வீட்டு வாசல்ல நிக்கறது?"

அன்று மத்தியானம் குடும்பமே மேஜையைச் சுற்றிக் கூடியது. அடுப்படி வேலை முடித்து, புருவமெல்லாம் மாவாக வந்து உட்கார்ந்த கணவர் ஒரு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"பேரைச் சொன்னா ஜீப்காரர் உன்னை விடமாட்டாரும்மா" என்றாள் மகள். "உன் ஸ்டூடண்ட்ஸை ஒருத்தர் விடாம கவுத்துடுவாரு. பெரிய ஆளுங்களைப் பத்தி எழுதணும்னா முகமூடி வேணும்."

"பெரிய ஆளுக்குத்தான் முகமூடி. கொசுவுக்கு எதுக்குடி போட்டேன்?"

மகள் அப்பா பிய்த்து வைத்த ரொட்டியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க ஏதாவது சொல்லுங்களேன்" என்று அக்கா கணவர் பக்கம் திரும்பினாள்.

"நான் என்ன சொல்றது?" என்றார் அவர். "எனக்கு இந்தக் காக்கா நீதான்னே இப்பதான் தெரியும். போன மாசம் கடை வாசல்ல ரொட்டி வண்டியைக் குறுக்கால நிறுத்தினதுக்கு என்னையே கிழிச்சிருந்தியே, அதுவும் நீதானா?"

அக்கா ரொட்டியைப் பார்த்தாள். மகள் கூரையைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருந்த" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கப் போனார்.

வியாழக்கிழமை காலை பிரேக் அக்கா பரிசோதனை நிலைய வாசலில் காரோடு போய் நின்றாள். "ஏறு, பேசணும்" என்றாள். கொசு ஓட்டும் இருக்கையைப் பார்த்ததும் பின்வாங்கினாள். "நீ ஓட்ட வேண்டாம், நானே ஓட்டறேன்" என்று அக்கா ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொசு அக்காவின் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் கொசுவே பேச்செடுத்தாள். "அந்தப் பின்கண்ணாடிக்காரன் மட்டும் யாருன்னு தெரியட்டும் அக்கா."

"என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். என்னைக்காவது ரத்தம் கொடுக்க என்கிட்ட வந்துதானே ஆகணும்? நரம்பு கிடைக்கலை, நரம்பு கிடைக்கலைன்னு நாலு தடவை குத்துவேன்."

அக்காவின் வாயிலிருந்த மிட்டாய் முழுசாகத் தொண்டைக்குள் இறங்கியது.

"கொசு, அது அவன் இல்லை. நான்."

கார் நடுரோட்டில் கிரீச்சென்று நின்றது. அக்கா பிரேக்கைத் தொடவேயில்லை. இரண்டாவது பிரேக்கை முதன்முறையாக இன்னொரு கால் மிதித்திருந்தது. அதுவும் ஒரே மிதியில், அக்கா சொல்லிக் கொடுத்தபடியே, அழுத்தமாக. பின்னாலிருந்து நாலைந்து ஹார்ன்கள் ஒன்றாக அலறின.

"நீங்களா?" என்றாள் கொசு.

"நான்தான். கார் உன்னுதுன்னு தெரியாது."

"என்னுதா இல்லாம வேற யாருதாவது இருந்தா பரவாயில்லையா?"

இந்தக் கேள்விக்கு அக்கா தயாராக வந்திருக்கவில்லை. "இல்லை" என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் இத்தனை மாதமாக வேறு யாருடையதாகவோ இருந்த கார்களைப் பார்த்துச் சிரித்தவள்தானே? வாயை மூடிக்கொண்டாள்.

"செங்கல் நீங்க சொன்னதுக்கா" என்றாள் கொசு. "எல்லாரும் கேக்கறப்ப உங்க பேரை நான் சொல்லலை. ஒருத்தர்கிட்டயும் சொல்லலை." கதவைத் திறந்தாள். அந்தக் கோபத்திலும் மறக்காமல் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். அதுவும் அக்கா சொல்லிக் கொடுத்ததுதான். அப்படியே நடந்து போய்ப் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அக்கா காரை நேராகக் கடைத்தெரு ஏற்றத்துக்கு ஓட்டினாள். மருந்துக்கடைக்குச் சற்றுத் தள்ளி, ஒழுங்காக, ஓரமாக நிறுத்தினாள். மெக்கானிக்கிடம் கடன் வாங்கிய செங்கல்லைப் பின் டயருக்கு அடியில் வைத்தாள். மகளை வரச்சொல்லி, செங்கல்லுக்குப் பக்கத்தில் தான் குந்தியிருப்பது போல ஒரு படம் எடுக்கச் சொன்னாள். முகம் நன்றாகத் தெரிந்தது. எல் போர்டும், பள்ளியின் பெயரும், போன் நம்பரும் தெரிந்தன. காக்கை எதையும் மறைக்கவில்லை.

'யார் சொல்லிக் கொடுத்தது? நான்தான்' என்று எழுதினாள். 'மேட்டில் நிறுத்தப் பயந்த என் மாணவிக்குச் செங்கல் வைக்கச் சொன்னவள் நான். இடம் பார்த்து நிறுத்து என்று அழுத்திச் சொல்ல மறந்தவள் நான். அப்புறம் காக்கை முகத்தைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தவளும் நான். சிரித்த எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். செங்கல் கொடுக்க நினைப்பவர்கள் இனி ரொட்டிக்கடை மாடிக்குக் கொண்டுவரவும். கூரை ஒழுகுகிறது, தார்ப்பாய் பறக்காமல் மேலே வைக்க உபயோகப்படும்.'

மகள் விரலை வைத்துக்கொண்டு தயங்கினாள். "போடட்டுமா? போட்டா போட்டதுதான்."

"போடுடி. கை நடுங்கினா என்கிட்ட கொடு."

அன்று முழுக்கப் போன் அடித்தது. இருபது வருடத்துக்கு முன்னால் கற்றுக்கொண்டவர்கள்கூடப் பேசினார்கள். "இன்னும் லாரியைப் பாத்தா 'வாங்க சார்'னுதான் சொல்றேன்" என்றார் கணக்காளர். இரண்டு மாணவர்கள் விலகிக்கொண்டார்கள். எங்கே தங்களையும் எழுதியிருப்பாளோ என்று. எழுதித்தான் இருந்தாள். இன்னும் சிலர், பெயரோடு திட்டுவதில் காரம் இல்லை என்று பக்கத்தைவிட்டுப் போனார்கள். மூன்று செங்கல் வந்து சேர்ந்தது.

சாயங்காலம் லைசென்ஸ் ஆபீஸில் அதிகாரி அவளைத் தனியாக அழைத்தார். மாணவர் ஒருவரின் விண்ணப்பம் விஷயமாகப் போயிருந்தவள், அந்த விண்ணப்பத்தைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனாள்.

"நீங்கதானா அந்தக் காக்கா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் ஜீப்போட ஒரு சக்கரம்தான் கோட்டு மேல இருந்துச்சு. நீங்க ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க."

"திருத்திடறேன் சார்."

"திருத்துங்க. என் வீட்டுல கேலி பண்றாங்க" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது ஒண்ணரைன்னு வேணும்னா போட்டுக்கங்க" என்றார்.

பின்னொரு நாள் டெஸ்டில் அவள் மாணவர் ஒருவர் பெயிலானார். அது பழிவாங்கலா என்று மகள் கேட்டாள். திரும்பும்போது அந்த மாணவர் கண்ணாடியையே பார்க்கவில்லை என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி இனி ஒவ்வொரு முறையும் வரும். அதையும் சேர்த்துத்தான் பெயரைப் போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை முழுக்கக் கொசுவிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்த கையோடு அக்கா பரிசோதனை நிலையத்துக்குப் போன் செய்தாள். நாளைக் காலை வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க வேண்டும். கொசுவைத்தான் அனுப்ப வேண்டும். என்ன பரிசோதனை என்று கேட்டார்கள். "உங்க கிட்ட இருக்கறது எல்லாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கொசு முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். கீழிருந்து ரொட்டி வாசனை மாடிப்படி வழியாக ஏறிவந்து வெறும் வயிற்றைக் கிள்ளியது. அக்கா ஜன்னலில் நின்று பஸ் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். கொசு இல்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. அதிலும் இல்லை. வேறு யாரையாவது அனுப்பிவிட்டார்களோ என்று அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா" என்றாள் ஜன்னலில் நின்ற மகள். "இங்க வா."

ஏற்றத்தில் ஒரு நீலக் கார் வந்துகொண்டிருந்தது. கட்டை வண்டி வேகத்தில், ஆனால் ஒரு தடவைகூட அணையாமல் ஏறியது. உச்சியில் இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, நடைபாதையைத் தொடாமல் நின்றது. சக்கரம் ஓரக்கல் பக்கம் திரும்பியது. ஹேண்ட்பிரேக் இழுக்கும் 'கரக்' சத்தம் மாடிவரை கேட்டது. வெள்ளைக் கதவு திறந்து ரத்தப் பெட்டி இறங்கியது. செங்கல் இறங்கவில்லை.

கீழே ஏதோ நோட்டம் விட்டுக்கொண்டு நின்றுவிட்டு, கொசு மேலே வந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வேலை முகம். "சாப்பிடலையே?"

"இல்லை. வாசனைதான் பிடிச்சேன்."

"அது பரவாயில்லை. கையை நீட்டுங்க."

அக்கா கையை நீட்டினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "நாலு தடவைன்னு சொன்னியே, அதுக்குத்தான் கூப்பிட்டேன். குத்திக்கோ."

"டியூப்ல எடுத்தவங்க பேருன்னு ஒரு இடம் இருக்கு, அதுல என் பேரை எழுதணும். தப்பா எடுத்தா எனக்குத்தான் கெட்ட பேரு" என்றாள் கொசு. இரண்டு விரலால் தட்டினாள். "ஆச்சு."

"என்ன ஆச்சு?"

"குத்தியாச்சு. ரத்தம் வந்துட்டிருக்கு."

அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். "முதலாளிகிட்ட என்ன சொன்ன?"

"காரோடதான் வருவேன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமையிலருந்து."

"அந்தக் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடிக்க மெக்கானிக்கிட்ட சொல்லட்டா? என் செலவு."

"வேண்டவே வேண்டாம். இப்ப அதைப் பாத்துத்தான் எல்லாரும் வழி விடறாங்க."

அப்போது மகள் போனைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். "அம்மா, உன் பக்கத்துலயே ஒருத்தங்க உன்னைப் பத்திப் படம் போட்டிருக்காங்க. இப்பதான், ரெண்டு நிமிஷம் முன்னாடி."

படத்தில் எல் போர்டு கார் ரொட்டிக்கடை வாசலில் நின்றது. அதன் வால் பக்கத்துச் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது. போட்டவர் பெயர் இருந்தது, முகம் இருந்தது; பரிசோதனை நிலையத்தின் போன் நம்பர்கூட இருந்தது. கீழே ஒரே ஒரு வரி: 'யார் சொல்லிக் கொடுத்தது?'

"அது அரை அடிதான்டி நீட்டிட்டு இருக்கு!" என்று பிரேக் அக்கா துள்ளி எழப் பார்த்தாள்.

"கையை ஆட்டாதீங்கக்கா" என்றாள் கொசு, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இன்னும் ஒரு டியூப் இருக்கு."